நாகமுத்து என்ற கட்டம்

சென் ஜேம்ஸ் ரவுண்,
மார்கழி 1997

அன்புள்ள ஐயா,

இங்கே பனி கொட்டுகிறது. உங்கள் இருமலுக்கு இந்தக் குளிர் ஒத்துவராது, உங்களை இங்கே கூப்பிடும் ஸ்பொன்சர் தாமதமாவதும் நல்லதுதான் என்று எழுதினேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

பேரனின் முழுப்பெயரைக் கேட்டிருந்தீர்கள். சாருஜன் நாகமுத்து.

நாகமுத்து யாரென்று எனக்கும் தெரியாது. என்னை இங்கே அனுப்பிய ஏஜென்சிக்காரன் தந்த கள்ளப் பாஸ்போர்ட்டுக்கு உரியவனின் தகப்பன். என்னோடு வந்தவர்கள் இறங்கியதும் சொந்தப் பெயரைச் சொல்லி அகதி அந்தஸ்துக் கேட்டார்கள். நான் பயத்தில் பாஸ்போர்ட்டில் இருந்த பெயரைச் சொல்லிக் கையெழுத்தும் வைத்துவிட்டேன். இங்கே நம்மவர்களுக்குத் தகப்பன் பெயர்தான் குடும்பப் பெயராக விழுகிறது. வேலை, வீடு, கல்யாணப் பதிவு எல்லாம் அந்தப் பெயரில்தான். இப்போது பிள்ளையும்.

பெயரைத் திருத்த வழி கேட்டுப் போன கிழமை லோயரிடம் போனேன். "தம்பி, இப்ப வாய் திறந்தா உம்மட பேப்பர் போயிடும். நீர் கூப்பிட்ட மனுசியின்ரயும் சேர்ந்து போகும்" என்றார். நான் வாய் திறக்கவில்லை.

ஸ்பொன்சர் படிவத்தில் தகப்பன் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கிறது, ஐயா. அதில் உங்கள் பெயரை எழுத என்னால் முடியாது. இவர்களின் கணக்கில் நீங்கள் எனக்கு யாரோ ஒருவர்.

பயணத்துக்குச் சூட்கேஸ் வாங்கி வைத்திருக்கிறீர்கள் என்று தங்கச்சி எழுதியிருந்தாள். கடைக்காரர் எடுப்பாரென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இந்த நாட்டில் எந்தத் தாளிலும் எழுத முடியாத ஒன்றை இதிலாவது எழுதி முடிக்கிறேன்.

உங்கள் மகன்