அக்காவுக்கு ஏழாம் மாதம்

இலங்கை, கற்பிட்டிக்கு எதிரே உள்ள தீவு,
மார்ச் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

ஜாக்குலின் அக்கா வீட்டுக் கொடியில் உங்கள் நீலக்கட்டம் போட்ட லுங்கியைப் பார்த்தேன். இரண்டு வருஷமாகத் தேடினீர்களே, அதுதான். நாலாகக் கிழித்து, ஓரம் அடித்துக் காயப்போட்டிருந்தாள். பிள்ளைத் துணி. அக்காவுக்கு ஏழாம் மாதம் அப்பா.

நான் நலம். அம்மா மாத்திரையை மறக்காமல் போடட்டும். மூன்றாம் தறியில் நாடா தட்டுகிறது, பார்த்து ஓட்டச் சொல்லுங்கள்.

கோவிலோடு திரும்ப வேண்டும், தீவுக்குப் போகக் கூடாது என்று சொல்லித்தான் நம் பங்குக் கோவில் யாத்திரையில் உங்கள் இடத்துக்கு என்னை அனுப்பினீர்கள். தலவில கோவிலில் அன்னம்மாளைக் கும்பிட்ட பிறகு பிரான்சிஸ் பெரியப்பா எல்லோரையும் திமிங்கலம் பார்க்கக் கூட்டிவந்தார். படகு ஆண்ட்ரூஸ் மச்சானுடையது. நான் மட்டும் கரையில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. மன்னித்துவிடுங்கள்.

முதலில் மச்சான் தீவைச் சுற்றிக் காட்டினார். டச்சுக்காரர்கள் காலத்துக் கிணறு ஒன்றில் மட்டும் நல்ல தண்ணீர். பக்கத்தில் அவர்களுடைய கல்லறைகள். ஒரு கல்லின் கீழே பிரசவத்தில் போன தாயும் பிள்ளையும் இருக்கிறார்களாம். எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

கடலில் ஒரு மணி நேரம் ஒன்றும் தென்படவில்லை. "ஏனுங்க மாப்ள, திமிங்கலத்துக்கு இன்னிக்கு லீவுங்களா?" என்று பெரியப்பா கிண்டல் செய்தார். அப்போது தூரத்தில் வெள்ளையாக ஏதோ எழுந்து அடங்கியது. தறியில் ஓடும் பாவில் ஓர் இழை அறுந்தால் கண்ணில் படுமே, அப்படித்தான் பட்டது. அத்தனை பேர் நடுவில் கத்த வெட்கம். எஞ்சின் சத்தம் வேறு. தறியை நிறுத்தச் சொல்லி நாம் காட்டுவது போலக் கையைத் தூக்கி, விரல்களை மூடித் திறந்தேன். மச்சான் அதைப் பார்த்தார். அந்த நொடியே எஞ்சினை நிறுத்தினார். சத்தம் அடங்கியதும் அது மூச்சு விடுவது கேட்டது. நம் தறிக்கூட நீளத்துக்கு ஒரு கறுத்த முதுகு எழுந்து மெதுவாக அமிழ்ந்தது.

"அந்தக் கையக் கண்டா நிறுத்தாம இருக்க முடியுங்களா? நாலு வருசம் மாமாகிட்ட வாங்குன திட்டு அப்படி" என்று மச்சான் சிரித்தார். நம் ஊர் அகதி முகாமிலிருந்து நம் தறிக்கு வேலைக்கு வந்ததை அவரே எல்லோரிடமும் சொன்னார். உங்களுக்குத் தெரியாமல் அக்காவைக் கல்யாணம் செய்தது தன் தப்பு என்றும் சொன்னார். உங்களை ஒரு வார்த்தை குறைத்துப் பேசவில்லை.

தீவில் ஆஸ்பத்திரி இல்லை. கரைக்குப் படகில் ஒரு மணி நேரம். வைகாசியில் காற்று எழுந்தால் மூன்று நாள், நாலு நாள் படகே போகாதாம். அக்காவுக்கு நாள் குறித்திருப்பதும் வைகாசியில்தான். பயமாக இல்லையா என்று கேட்டேன். "அப்பாகிட்ட ஒண்ணும் சொல்லாத சாமி. அவரா வந்து கூப்புட்டாத்தான் வருவேன்" என்றாள். உங்கள் பிடிவாதம் அப்படியே இருக்கிறது.

தலைப்பிரசவத்துக்கு அக்கா நம் வீட்டுக்கு வர வேண்டும் அப்பா. அவள் போன பிறகு பள்ளிக்கூடத்தை விட்டு அவள் தறியில் நிற்கிறேன். இதுவரை உங்களிடம் எதுவும் கேட்டதில்லை. போனில் அவள் பெயரை எடுத்தாலே வைத்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். எட்டாம் மாதம் தாண்டினால் விமானத்தில் ஏற்றமாட்டார்களாம். யாத்திரைக்கு எடுத்த உங்கள் பாஸ்போர்ட் அம்மா பீரோவில், மேல் தட்டில் இருக்கிறது.

அம்மாவின் மூட்டுவலிக்குக் கோவில் எண்ணெய் வாங்கியிருக்கிறேன். அன்னம்மாள் உங்கள் இருவரையும் காக்கட்டும்.

உங்கள் மகள்,
அக்சிலியா

பி.கு.: இந்தக் கடிதத்தையும் எண்ணெயையும் பெரியப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன். எல்லோரும் படகில் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். என் விசா இன்னும் இருபத்துமூன்று நாளைக்கு இருக்கிறது. என் பையைப் படகிலிருந்து இறக்கிவிட்டேன்.