வட்டக்கானல் வளைவில் உங்கள் பிளெக்ஸ்

ஊரே 'டிரில் மாஸ்டர்' என்று கூப்பிட்ட என் அப்பாவுக்கு,

உங்கள் முதலாண்டு நினைவு நாளுக்கு, நீங்கள் நடத்திய இளைஞர் மன்றத்துப் பையன்கள் வட்டக்கானல் வளைவில் பிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். உங்களுக்குப் பக்கத்தில், உங்கள் உயரத்துக்கே, ஒரு வெள்ளைக்காரன் கையை நீட்டி நிற்கிறான். பின்னால் அரைக்கால் சட்டையில் வரிசையாகப் பையன்கள். மன்றச் சுவரில் நீங்கள் மாட்டிய அதே படம்.

"பயலுகன்னா இப்படி நிக்கணும்" என்று அதைக் காட்டித்தானே நம் ஊர் பேத்துப்பாறைப் பையன்களை வெள்ளனே எழுப்பி வரிசையில் நிறுத்தினீர்கள்? அவன் யார் என்று ஒருநாளாவது விசாரித்தீர்களா?

நான் சொல்கிறேன். நாஜி ஜெர்மனியின் இளைஞர் படைத் தலைவன். கவிதை எழுதுவான். பத்து வயதுப் பிள்ளைகளுக்கும் சீருடை மாட்டி, யோசிக்காமல் கீழ்ப்படியப் பழக்கினான். பிறகு வியன்னாவை ஆண்டபோது அங்கிருந்த யூதர்களை ரயிலேற்றி அனுப்பினான். அதைப் பண்பாட்டுத் தொண்டு என்று மேடையில் பெருமையடித்தான். நீதிமன்றத்தில், அவர்களைக் கொல்வார்கள் என்று தெரியாது என்றான். இருபது வருடம் சிறை. அவன் பழக்கிய பையன்கள் போரில் டாங்கிகளுக்கு முன்னால் செத்தார்கள். அவனோ வெளியே வந்து தன் கதையைப் புத்தகமாகப் போட்டுவிட்டுத்தான் செத்தான்.

நான் வேலை பார்க்கும் விடுதிக்கு இஸ்ரேல்காரர்கள் நிறைய வருவார்கள். நேற்று ஒரு பெண் போனில் அந்தப் பிளெக்ஸைக் காட்டி, இந்தப் பெரியவர் யார் என்று கேட்டாள். என் அப்பா என்றேன். சாயங்காலமே அறையைக் காலிசெய்துவிட்டாள்.

தம்பியிடம் அந்தப் பிளெக்ஸைக் கழற்றச் சொன்னேன்.

"அப்பாவுக்குப் பிடிச்ச ஆளு, அக்கா. ஒனக்கென்ன சோலி?"

"யாருன்னு தெரியுமாடா?"

"தெரிஞ்சு என்ன செய்ய?"

போன வாரம் திருவிழாவில், சிலோனிலிருந்து திரும்பிய குடும்பத்தின் பூண்டுக் கடையை மட்டும் மன்றத்துப் பையன்கள் பிரித்துப் போட்டார்கள். வெளியூர்க்காரர்களாம். கடை வைத்திருக்கும் அக்கா பிறந்ததே இந்த மலையில். விசில் ஊதியது உங்கள் மகன். அதுவும் உங்கள் விசில். "அண்ணன் ஊதுனாரு, பிரிச்சோம்" என்கிறார்கள் பையன்கள். ஏன் என்று ஒருத்தனும் கேட்கவில்லை.

நீங்கள் யாரையும் கை நீட்டி அடித்ததில்லை, தெரியும். ஆனால் கேட்காமல் செய்யப் பழக்கியது யார் அப்பா?

நாளை வெள்ளனே அவர்கள் வரிசையில் நிற்கும்போது போய், சுவரிலிருக்கும் படத்தைக் கழற்றுவேன். இவன் கதை முழுவதையும் சொல்வேன். தம்பி கேட்பானா, தெரியாது. பிளெக்ஸில் உங்கள் பாதியை மட்டும் வெட்டியெடுத்து அந்தக் கடைக்குக் கூரை போடுவேன். அக்காவிடம் கேட்டாயிற்று.

"ஒங்கப்பாவா? விசில் ஊத மாட்டாருல்ல?" என்றாள். "மழ ஒழுகாம நின்னாச் சரி, கட்டு."

ஒழுகாமல் நில்லுங்கள் அப்பா.

என்றும் வரிசையில் நிற்காத
உங்கள் மூத்த மகள்