நீ வைத்துப்போன கொட்டாங்குச்சித் தண்ணீர்

சண்டை போட்டுக்கொண்டே பதினோரு வருஷம் என்னோடு ஒரே கூரையின் கீழ் இருந்த என் உண்ணாமலை அக்காவுக்கு,

நீ போய் நாற்பது நாள் ஆகிவிட்டது. மூன்று நாளாக மலைமேல் மேகம் இறங்கி உட்கார்ந்திருக்கிறது, பொம்மை ஒன்றும் காயவில்லை. உன் கொழுந்தனார் எல்லாவற்றையும் கொண்டுவந்து அடுப்பைச் சுற்றி அடுக்கிவிட்டார். சமைக்க இடமில்லை. நீ இருந்திருந்தால் இரண்டு பேருமாகச் சேர்ந்து அவரைத் திட்டியிருக்கலாம்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது கொட்டாங்குச்சி விஷயத்துக்காக.

என் சந்தேகப் புத்தி உனக்குத் தெரியும். பால்காரர் அளக்கும் முன்னே படியைக் கவிழ்த்துப் பார்ப்பவள் நான். இந்த வீட்டுக்குச் சின்ன மருமகளாக வந்த முதல் வாரமே, பெரிய மருமகள் எதற்காக இவ்வளவு சிரித்துப் பேசுகிறாள் என்று யோசித்தவள். அண்ணனும் தம்பியும் ஏரி மண்ணில் கட்டைவிரல் உயரத்துக்குப் பொம்மை பிடித்துச் சுடுவார்கள், நாம் இரண்டு பேரும் வர்ணம் தீட்டுவோம். நவராத்திரிக்குக் கொலு பொம்மை, கார்த்திகை தீபத்துக்கு வருகிற கூட்டத்துக்குச் சின்னச் சாமிகள். ஒரே மண், ஒரே டப்பா பெயிண்ட், ஒரே மைப்பாட்டில். ஆனாலும் உன் பொம்மைகள் மட்டும் இதோ பேசப்போகிறேன் என்று நிற்கும்.

நிழல் போடுகிற இடத்தில்தான் வித்தியாசம். பெயிண்ட் காய்ந்ததும் மையைத் தண்ணீரில் கரைத்துப் பொம்மை முழுக்க ஓடவிட்டு, மேடான இடத்தைத் துணியால் ஒற்றி எடுப்போம். பள்ளத்தில் தங்குகிற மைதான் நிழல். உன் மை சேலை மடிப்புக்குள் போய் அடங்கிவிடும். என் மை பெயிண்ட் மேல் முத்து முத்தாக நின்று, காய்ந்தபின் வட்டம் வட்டமாகக் கறை போடும். ஒரு தடவை பொம்மை வாங்க வந்த கடைக்காரர் என் முருகனைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, சாமிக்கு தேமலா?" என்று கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

தினமும் காலையில் என் பலகை பக்கத்தில் ஒரு கொட்டாங்குச்சித் தண்ணீர் வைப்பாய். "ஏ பச்சையம்மா, மைய இந்தத் தண்ணியிலயே கரைடி" என்று சொல்லிவிட்டுப் போவாய். தண்ணீர் லேசாகக் கலங்கி, ஓரத்தில் நுரை கட்டியிருக்கும். இந்தத் தண்ணீர்தான் வேண்டும் என்று இவளுக்கு ஏன் இவ்வளவு அக்கறை? உன் பிரஷ் கழுவிய தண்ணீர், அதனால்தான் என் பொம்மைக்குத் தேமல் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். நீ திரும்பியதும் வாழைமரத்தடியில் கொட்டிவிட்டு, கிணற்றில் புதுத் தண்ணீர் சேந்திக்கொண்டு வருவேன். வெளிச்சத்துக்காக நீ ஜன்னலைப் பார்த்து, எனக்கு முதுகு காட்டி உட்காருவாய். அதையும் எதையோ மறைப்பதற்காக என்றே எடுத்துக்கொண்டேன்.

போன தீபத்துக்கு முன்னால் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். நான் உலை வைத்துவிட்டு வருகிறேன், நீ ஈரத்துணியால் என் பொம்மையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாய். கடைக்காரர் வாசலில் நிற்பதைக்கூடப் பார்க்காமல் கத்தினேன். "என் வேலைய கெடுக்கறதுக்குனே உக்காந்திருக்கியா நீ?"

நீ பொம்மையைக் கீழே வைத்தாய். "சரிடி. இனிமே தொடல" என்றாய், அவ்வளவுதான். அதற்குப் பிறகு நமக்குள் பேச்சு கம்மியாகிவிட்டது. கொட்டாங்குச்சித் தண்ணீர் மட்டும் நிற்கவே இல்லை. எவ்வளவு திமிர் பார் என்று அதையும் கொட்டினேன்.

ஆவணியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றே நாள். உன் காரியமெல்லாம் முடிந்து வேலைக்கு உட்கார்ந்த முதல் காலையில், என் பலகை பக்கத்தில் அந்தக் கொட்டாங்குச்சி காய்ந்து கிடந்தது. கொட்டுவதற்கு ஒன்றுமில்லை. உன் உடம்புக்கு முன்னால் வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது. ஏனென்று அன்றைக்குப் புரியவில்லை.

போன வாரம் உன் மகள் சரசா செங்கத்திலிருந்து வந்தாள். மாமியார் வீட்டில் அவளுக்கு இது முதல் கொலு. அதற்காக நீ செய்துகொண்டிருந்தாயே கல்யாணப் பந்தி செட், அதில் ஒரு பொம்மைதான் பாக்கி. சொம்போடு நிற்கிறாளே, பந்தியில் தண்ணீர் ஊற்றுகிற பெண், அவள். மற்றதெல்லாம் உன் கை. இவள் மட்டும் தேமலோடு போய் நின்றால், ஆயுசுக்கும் கொலுவுக்குக் கொலு உன் மகள் அதைப் பார்க்க வேண்டும். மை பூசினேன். வட்டம் விழுந்தது. துடைத்துவிட்டுப் பூசினேன், மறுபடியும் வட்டம். மூன்றாம் தடவையும் அப்படியே.

சரசா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இன்னா சின்னம்மா, வெறுந்தண்ணியிலயா கரைக்கிறீங்க? பூந்திக்கொட்டை ஊற வெக்கலயா?"

"நகை கழுவுற பூந்திக்கொட்டையா? அது எதுக்குடி இதுல?"

"அந்தத் தண்ணி இல்லாம டப்பா பெயிண்ட் மேல மை ஓடாதே. அம்மா தெனம் ஊற வெச்சு, மொதல்ல உங்க கொட்டாங்குச்சிக்கு ஊத்திட்டுதான் அவங்களுக்கு ஊத்திக்குவாங்க."

பிரஷைக் கீழே வைத்தேன். நான் அதைக் கொட்டியது உங்கம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"வாழமரத்தடியில நுரைய பாத்திருக்காங்க. வெளக்கமா சொல்லேம்மானு நான்தான் கேட்டேன். 'நான் இன்னா சொன்னாலும் அவ நம்பமாட்டா. வெச்சிக்கினே இருப்போம், என்னிக்காவது கெணத்துக்குப் போவ சோம்பலா இருந்தா தொட்டுப் பாப்பா'னு சிரிச்சாங்க."

அப்படியானால் அன்றைக்கு ஈரத்துணியால் நீ ஒற்றியது என் பொம்மையின் தேமலையா? கடைக்காரர் வந்து பார்ப்பதற்குள் போகட்டும் என்றா? அதை அவர் முன்னாலேயே சொல்லியிருந்தால் என் மானம் போயிருக்கும் என்றுதான் வாயை மூடிக்கொண்டாயா? யாரிடம் கேட்பேன் இதையெல்லாம்?

எத்தனை கொட்டை என்றேன், மூன்று என்றாள். மூன்று போட்டால் ஒரே நுரை, பொம்மை முகமெல்லாம் கொப்புளம். இவளும் எதையோ மறைக்கிறாளோ என்று ஒரு நிமிஷம் தோன்றியதை உன்னிடம் மறைக்கமாட்டேன். நுரை அடங்கட்டும் என்று காத்திருந்து மறுபடியும் பூசினேன். மை அந்தச் சொம்புக்காரியின் முந்தானைக்குள் இறங்கி, இடுப்பு மடிப்பில் போய்த் தங்கியது. ஒரு வட்டம் இல்லை அக்கா. உன் பொம்மைகளின் நடுவில் அவளை வைத்தால், எது யார் கை என்று எனக்கே தெரியவில்லை.

உன்னைத் தப்பாக நினைத்துவிட்டேன். ஒரு நாள் இல்லை, பதினோரு வருஷம்.

சரசா இன்று காலை பஸ் ஏறினாள். ஒரு பொட்டலம் பூந்திக்கொட்டை கொடுத்தனுப்பினேன். பிரித்து மோந்து பார்த்துவிட்டுத்தான் பைக்குள் வைத்தாள்.

நாளைக் காலையிலிருந்து இரண்டு கொட்டாங்குச்சியிலும் நானே ஊற்றுவேன். முதலில் உன்னுடையதில், பிறகு என்னுடையதில். உன் பங்கை யாரும் தொடாமல் பொழுது போனாலும் சரி, அது தானாக வற்றட்டும். நான் கொட்டமாட்டேன்.

உன் ஓரகத்தி,
பச்சையம்மாள்