முந்திக்கொண்டு வரும் துடிப்பு

நாரின்,
ஏப்ரல் 14

அன்பு மகள் பெகாயிமுக்கு,

இங்கே நானும் உன்னைப் பெற்ற சல்கினும் உடல் நலத்துடன் இருக்கிறோம். நீயும் நலமாகவே இருக்கிறாய் என்பதை உன்னைவிட உறுதியாக நான் அறிவேன்; இந்தக் கடிதம் முழுவதும் அதைப் பற்றியதுதான். சல்கினின் ஒன்றுவிட்ட தம்பி சனிக்கிழமை கசானுக்குப் பறக்கிறான். தபாலில் போட்டால் மாதக் கடைசிக்குள் வந்து சேராது என்பதால் அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை எசென்குல் அண்ணன் வீட்டில் ஆடு அறுத்தார்கள். என்ன விசேஷம் என்று சொல்லாமல் வரச் சொன்னார்கள், அண்ணன் கூப்பிட்டால் காரணம் கேட்கும் வழக்கம் எனக்கு இல்லை. என் வயதுக்குரிய எலும்புக் கறித் துண்டை முன்னால் வைத்து மரியாதை செய்தார்கள், நானும் சாப்பிட்டேன், ரொட்டி நன்றாக வெந்திருப்பதாக ஜூரா அண்ணியிடம் சொல்லவும் செய்தேன். சாப்பாடு முடிந்து எல்லாரும் ஆசீர்வாதத்துக்காக உள்ளங்கைகளை விரித்தபோதுதான், பக்கத்து வீட்டுப் பெரியவர், "கசான்ல இருக்கிற நம்ம பெகாயிமோட இதயம் பயத்துல எறங்கிப் போச்சு, அது திரும்ப அதோட எடத்துக்கே வந்து சேரட்டும்" என்று வேண்டினார். அந்த அறையில் பதினான்கு பேர் இருந்தோம். அதைக் கேட்டுத் திடுக்கிட்டவன் நான் ஒருவன் மட்டுமே, மற்ற அனைவருக்கும் அது பழைய செய்தி. பெற்ற மகளுக்கு என்ன நேர்ந்தது என்பதை அடுத்தவர் வேண்டுதலிலிருந்து தெரிந்துகொண்டேன். எல்லாரும் ஆமீன் சொல்லிக் கைகளை முகத்தில் தடவிக்கொண்டார்கள், நான் என் கைகளை மடியில் இறக்கிவிட்டேன். அண்ணி அதைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, உங்களுக்குத் தெரியாதா? பொண்ணு ஒரு மாசமா தெனம் உங்க அண்ணன்கிட்ட பேசுறாளே!" என்றார். தெனம். அந்த ஒரு சொல்லோடுதான் அன்று வீடு திரும்பினேன்.

மீதியையும் அண்ணியே சொன்னார். மார்ச் மாதத்தில் உன் இதயம் ஒரு கணம் நின்று பிறகு நெஞ்சில் குத்தியதுபோலத் துடித்ததாம், பிறகு அது அடிக்கடி வந்ததாம், நீ மருத்துவரிடம் போனாயாம், அவர் ஒரு நாள் முழுக்க மார்பில் பதிவுக் கருவியைக் கட்டிப் பார்த்தும், இதயத்தைப் படமெடுத்துப் பார்த்தும், அமைப்பில் எந்தக் குறையும் இல்லை, இடையிடையே ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வருகிறது, தீங்கற்றது என்று எழுதிக் கொடுத்தாராம். நீ அனுப்பிய அந்தத் தாளை அண்ணன் தன் தொலைபேசியில் எனக்குக் காட்டினார். "டாக்டருக்கு ஒண்ணும் புரியலடா, அதனாலதான் ஒண்ணுமில்லைன்னு எழுதியிருக்கான்" என்றார். நாற்பது வருடமாகக் குதிரைகளின் காலை மட்டும் பார்த்து வைத்தியம் சொன்னவர், தெளிவாக எழுதப்பட்ட ஒரு மருத்துவ முடிவை இப்படி வாசிக்கிறார். பிறகு நீ இங்கே இல்லாததால் உன் பள்ளிக்கூடத்துக் கழுத்துத்துணியை விரித்து, அதன் மேலே தண்ணீர்க் கிண்ணத்தைப் பிடித்து, பயம் தெளிவதற்கென்று ஈயத்தை உருக்கி அதில் ஊற்றியிருக்கிறார்கள். துணிக்குப் பயம் தெளிந்ததா என்று நான் கேட்கவில்லை. ஆனால் தண்ணீரில் உறைந்த ஈயத்தைத் திரையில் உன்னிடம் காட்டி, "பாரும்மா, அப்படியே இதயம் மாதிரியே விழுந்திருக்கு, ஒரு பக்கம் பிளந்திருக்கு" என்று அண்ணி சொன்னாராமே, அதன் பிறகுதானே உனக்குத் தூக்கம் போனது, அதன் பிறகுதானே பாலம் கட்டும் அந்த வேலையை மாதக் கடைசியில் விட்டுவிட்டு ஊர் திரும்புவதாக அண்ணனிடம் சொன்னாய். அண்ணன் உனக்கு ஓர் அறையை வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறார். இவ்வளவு மகிழ்ச்சியாக அவரை நான் பல வருடங்களாகப் பார்த்ததில்லை.

பெகாயிம், உன்னைக் கொடுத்தவன் நான். அண்ணனுக்குப் பதினொரு வருடம் குழந்தையில்லை, எனக்கு வயது இருபத்தாறு, உன் நாற்பதாம் நாள் குளியல் முடிந்த அன்று எங்கள் தகப்பனார் சொன்ன ஒரே வார்த்தைக்கு உன்னைத் தூக்கி அவர் மடியில் வைத்தேன். நம் வழக்கம் அது, மறுத்துப் பேசவில்லை. அவரை நீ தகப்பன் முறை வைத்து அத்தா என்றாய், என்னை அண்ணன் முறை வைத்து பைகே, பைகே என்றாய், நானும் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்தேன். உன் முதல் நடையும் உன் பள்ளிக்கூட நாட்களும் உன் கோபமும் அழுகையும் அவர் வீட்டில் நடந்தன. இருபத்தெட்டு வருடத்தில் ஒரு நாள்கூட வாசலில் நின்று என் பங்கைக் கேட்டவனில்லை நான். ஆனால் இந்த ஒன்றில் நீ வீடு தவறிப் போய்விட்டாய். இதற்கு நீ கேட்டிருக்க வேண்டிய ஆள் இந்த ஊரில் ஒருவன்தான் இருக்கிறான்.

எனக்கு இது இருபத்தொன்பதாம் வயதில் வந்தது. ஆற்று நீர்மட்டத்தை அளக்கும் மலைநிலையத்தில் தனியாக இருந்தபோது நெஞ்சுக்குள் ஒரு படி இல்லாமல் போய் அடுத்த படியில் தடுக்கி விழுந்ததுபோல் இருந்தது. செத்துவிட்டேன் என்றே நினைத்தேன். பிஷ்கேக்கில் ஒரு பெண் மருத்துவர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, "வரிசையில போற ஒருத்தன் அவசரப்பட்டு ஒரு அடி முன்னாடி வச்சுடுறான், பின்னால வர்றவன் ஒரு நொடி நிதானிச்சு ஓங்கி மிதிக்கிறான், இதுக்காகவா மலையிலிருந்து எறங்கி வந்தீங்க?" என்று கேட்டார். அவரை நம்பினேன், ஆனாலும் இரண்டு வருடம் பயந்தேன். ஆற்றை அளப்பதுபோல் என் நாடியையும் அளந்து இரண்டு நோட்டுகளை நிரப்பினேன், தனியாகக் குதிரையேற மறுத்தேன். அளக்க அளக்கத் தப்பும் துடிப்புகள் பெருகின. ஒரு நாள் மணிக்கட்டிலிருந்த என் விரல்களைச் சல்கின் பிய்த்தெடுத்து, "கைக்கு வேலையில்லைன்னா இந்த மாவைப் பிசைங்க" என்று தொட்டியைத் தள்ளினாள். பிசைந்தேன். அதற்குள் இரண்டு முறை தப்பியது, நான் சாகவில்லை, ரொட்டி மட்டும் கல்லாக வந்தது. நோட்டுகளை அடுப்பில் போட்டேன். இன்று காலைகூட இரண்டு முறை வந்தது.

ஆகவே நான் சொல்வதைக் கேள். கழுத்திலும் மணிக்கட்டிலும் விரல் வைக்காதே. கையில் கட்டும் கடிகாரம் துடிப்பைக் காட்டுமென்றால் அதைக் கழற்றிப் பெட்டியில் போடு. தப்பும்போது செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்தாதே, வந்தது, போகும் என்று மனத்துக்குள் சொல், மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடு. கறுப்புத் தேநீரைப் பாதியாகக் குறை, தினமும் நட, உறக்கத்தைக் கெடுக்காதே, இணையத்தில் இதைப் பற்றித் தேடாதே. பயம் போன பிறகுதான் வெளியே போவேன் என்று உட்காராதே, பயத்தையும் கூட்டிக்கொண்டே வேலைக்குப் போ. மயக்கம் வந்தாலோ, உழைக்கும்போது மார்பு வலித்தாலோ, காரணமில்லாமல் மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவரிடம் போ. அப்போது அத்தாவிடமும் கேட்காதே, என்னிடமும் கேட்காதே. பயமே விடவில்லை என்றால் அதற்கும் மருத்துவர்கள் உண்டு, அதில் வெட்கமில்லை. வேலையை விடாதே. ஒரு துடிப்புக்காக நீ அந்த வெள்ளையடித்த அறைக்குள் வந்து படுத்தால், அடுத்த துடிப்புக்கு அதைவிட்டு வெளியே வரமாட்டாய்.

இதனுடன் என் பழைய இதயப் பதிவுத் தாளை வைத்திருக்கிறேன். ஓரம் மஞ்சளாகிவிட்டது, கோடுகள் தெளிவாக இருக்கின்றன. மூன்றாவது வரியில் ஒரு மேடு முந்திக்கொண்டு எழும்பி, அதன் பின் ஓர் இடைவெளி வரும். உன் தாளை அதன் பக்கத்தில் வைத்துப் பார். இது எத்தனையோ பேருக்கு வருவது, தகப்பனிடமிருந்துதான் வந்தது என்று சொல்ல முடியாது என்று மருத்துவர் சொல்வார். நானும் படித்தவன், எனக்கும் அது தெரியும். ஆனாலும் அப்படியே வைத்துக்கொள்கிறேன். அண்ணனுக்கு உன் இருபத்தெட்டு வருடமும் இருக்கிறது, எனக்கு இந்த ஒரு மேடு. அவரிடம் ஊரைப் பற்றிப் பேசு, குதிரைகளைப் பற்றிப் பேசு, தினமும் பேசு. இது தப்பும்போது மட்டும் என்னைக் கூப்பிடு.

சல்கின் உலர்ந்த சர்க்கரைப் பாதாமிப் பழமும் கம்பளிக் காலுறையும் கொடுத்தனுப்புகிறாள், காலுறையைப் போட்டுக்கொள். உன் வழி திறந்திருக்கட்டும், ஆயுள் நீளட்டும், நீ கட்டும் பாலங்கள் நிலைக்கட்டும். ஞாயிறன்று மடியில் இறக்கிய கைகளை இப்போதுதான் முகத்தில் தடவிக்கொள்கிறேன். ஆமீன்.

இதில் மட்டும் உன் பைகே அல்லாத,
உன் தகப்பன்
துர்தாலி