ஆம்பல் நிலையத்தின் குப்பைக் குழாய்

தை 2, காலை 8:10. கீழ்த்தளம்

எழுதுபவர்: அருணகிரி, கழிவு மீட்புப் பொறுப்பாளர், ஆம்பல் நிலையம், நிலவு. இதைக் கண்டெடுப்பவர்களுக்காக மூன்று குறிப்புகள்:

1. போகியன்று தீப்பிடித்தது ஒரு பேட்டரியால்.
2. கழிவுக் கலனை வெடிக்கவிடாமல் குளிரவைத்தால் நிலையம் தப்பும்.
3. குப்பையைப் பிரித்துப் போடுங்கள் என்று நான் இத்தனை காலம் சொன்னதை ஒருவரும் கேட்கவில்லை.

போகிக்குப் பழைய சாமான்களைக் கழிப்பதை நாம் நிலவிலும் விடவில்லை. இங்கே கொளுத்த முடியாது. அதனால் எல்லாவற்றையும் குழாயில் போட்டார்கள். வாழைப்பழத் தோலும் பழைய டார்ச்சும் ஒரே கவரில், வாயை இறுக முடிச்சிட்டு. முடிச்சுப் போட்டுவிட்டால் சுத்தம் என்று நம் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. அரவை இயந்திரம் முடிச்சை அவிழ்த்துப் பார்ப்பதில்லை. உள்ளே பேட்டரி நசுங்கியது. மேல்தளம் முழுக்கப் புகை.

எல்லோரும் இரண்டு வண்டிகளில் முல்லை நிலையத்துக்குப் போய்விட்டார்கள். கலனைப் பார்த்துக்கொள்ள நான் தங்கினேன். தைரியம் என்று எண்ண வேண்டாம். புகைக்குள் நடந்து போகப் பயம். இந்த அறைக்குத் தனிக் காற்று உண்டு.

தை 2, மாலை 5:40

கலனின் சூடு இறங்குகிறது. சற்று முன் குழாய் வழியாக ஒரு சிறு பொட்டலம் விழுந்தது. எங்கோ சிக்கியிருந்தது நழுவியிருக்கலாம். திறக்கவில்லை.

முல்லைக்கு வயர்லெஸ் கருவியில் சொன்னேன். அங்கே வண்டிகளைக் கவனிக்கும் ஜெபராஜ்:

“அண்ணாச்சி, மேல ஒரு ஈ காக்கா கிடையாது. எண்ணித்தான் ஏத்துனோம். பேய்தான் குப்ப போடுதுன்னா நல்லதாப் போச்சு, அதுக்காவது பிரிச்சுப் போடச் சொல்லிக் குடுங்க.”

தை 3, காலை 7:50

இன்னொன்று விழுந்தது. திறந்தேன். ஆரஞ்சுத் தோல் தனியாக; ஈரம் காயவில்லை. பிஸ்கட் உறை தனியாக, துடைத்து, நான்காக மடித்து. கழுவவில்லை, துடைத்திருக்கிறது. தண்ணீர் இல்லாத யாரோ. முடிச்சும் இல்லை. இந்த நிலையத்தில் யாரும் இப்படிப் போட்டதில்லை.

குழாயைத் தட்டினேன். பதில் இல்லை. நடுவில் இரண்டு அடைப்புக் கதவுகள். சத்தம் மேலே போகாமல் இருந்திருக்கலாம். வேதியியல் படித்தவன் நான். இருந்தும் முதலில் ஜெபராஜ் சொன்ன பேயைத்தான் நினைத்தேன். மூடியைச் சாத்திவிட்டு, முதுகைச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டேன்.

தை 3, பகல் 12:30

மூன்றாவது பொட்டலம். பயன்படுத்திய டீ பை ஒன்று. நூல் தனி, தாள் தனி, தூள் தனி, ஸ்டேப்ளர் பின் தனி.

இப்போது தெரிகிறது. போன வருடம் ஒலிபெருக்கியில் நான் குப்பை அறிவிப்பு சொல்லிக்கொண்டிருந்தபோது, கேண்டீனில் சமைக்கும் எஸ்தர் அங்கிருந்த மைக்கில் குறுக்கிட்டார்:

“சார், ஒரு சந்தேகம். டீ பையில நூலு, தாளு, தூளு, பின்னுன்னு நாலு இருக்குல்லா? நாலு தொட்டி வாங்கித் தருவியளா?”

நிலையமே சிரித்தது. கேலி என்று நினைத்து மைக்கை அணைத்தேன். பிறகு நான் அறிவிப்பே செய்யவில்லை.

ஜெபராஜைக் கூப்பிட்டேன்.

“எஸ்தர் அக்காவா? ரெண்டாவது வண்டியில ஏறுனத நானே பாத்தேன். இருங்க, கேட்டுட்டு வாரேன்.”

சற்றுப் பொறுத்து:

“அண்ணாச்சி… ஏறுனதத்தான் எண்ணுனோம். எறங்குனத யாரும் எண்ணல. இங்க ரெண்டு ஹால்ல தங்க வச்சிருக்கோம். அந்த ஹால்ல இருப்பாவன்னு இவங்க, இந்த ஹால்ல இருப்பாவன்னு அவங்க. வண்டி கிளப்பிட்டோம். வர அஞ்சு மணி நேரம் ஆவும். அதுவரைக்கும் அக்கா தாங்குவாவளா?”

சுவாச முகமூடி ஒன்றுதான் மிச்சம். மற்றவை, ஒலிபெருக்கி வயர்களோடு, தீயில் போயின. சிலிண்டரில் பாதிக் காற்று. போகவும் வரவும் போதுமா என்று மூன்று முறை கணக்குப் போட்டேன். மூன்று விடைகள் வந்தன. கலன் ஆறிவிட்டது. இங்கே உட்கார்ந்திருக்க இனிக் காரணம் இல்லை.

தை 3, பகல் 2:20. மேல்தளம், கேண்டீன்

கதவிடுக்குகளில் துணி திணித்திருந்தது. தள்ளித் திறந்தேன். எஸ்தர் குழாய் வாயருகே சாய்ந்து கிடக்கிறார். உதடு நீலம். மூச்சு இருக்கிறது. நான் திறந்த கதவு வழியே புகை உள்ளே வந்துவிட்டது. திரும்பச் சாத்தினேன். அடைக்கத் துணி போதவில்லை.

இருவரும் மாறி மாறிச் சுவாசித்தால் வண்டி வருவதற்குள் சிலிண்டர் தீர்ந்துவிடும். ஒருவர் மட்டும் என்றால் போதும். இந்தக் கணக்கையும் மூன்று முறை போட்டேன். மூன்று முறையும் ஒரே விடை.

தை 3, பகல் 2:45

கண் திறந்தார். முகமூடியின் மைக்கில் பேசுகிறார். என் கையிலுள்ள கருவியில் கேட்கிறது. பக்கத்தில் நான் இருப்பது புகையில் அவருக்குத் தெரியவில்லை.

“ஏல ஜெபா, அடுப்ப அணைக்கத்தாம்ல எறங்குனேன். அதுக்குள்ள வண்டிக்குப் போற கதவு பூட்டிக்கிட்டு. சார்ட்ட சொல்லு, டார்ச்சு பேட்டரிய குழாயில போடல. டேப் ஒட்டித் தனியா வச்சிருக்கேன்.”

“அக்கா! அக்கா குரலேதான்! அண்ணாச்சி, நீங்க சொன்னது சரிதான்… அண்ணாச்சி? முகமூடி அக்காட்ட இருக்குன்னா, நீங்க எதுல மூச்சு விடுறிய?”

கருவியின் ஒலியைக் குறைத்தேன். இருமலாக இருக்கிறது.

தை 3. மணி சரியாகத் தெரியவில்லை

எழுத்து கோணுகிறது. மன்னிக்கவும்.

சுவரோரம் மூன்று டப்பாக்கள், குப்பையைப் பிரித்துப் போட. மேலே, குப்பை பிரிப்பது பற்றிய என் அறிவிப்புத் தாள். எண்ணெய்க் கறை. பென்சிலால் அடிக்கோடுகள். ஓரத்தில் ஒரு கேள்விக்குறி, டீ பைக்கு நேராக. அவர் கேட்டது சந்தேகம்தான். நான்தான் பதில் சொல்லாமல்

ஒரு திருத்தம். மூன்றாவது குறிப்பு தவறு. அதில் ‘ஒருவரும் கேட்கவில்லை’ என்று எழுதியதை அடித்துவிட்டு, எஸ்தர்