நிறுத்தினால் யார் கத்துவார்கள்

மார்ச் 4, செவ்வாய்

வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சர்வர் அறையில் உட்கார்ந்திருக்கிறேன். இயந்திரங்களுக்குக் குளிர் வேண்டுமாம். அவற்றில் பாதி, நாள் முழுக்கச் சும்மா கிடக்கின்றன. சும்மா இருப்பதற்கும் மின்சாரம், ஏசி, இடம்.

பல சர்வர்களை ஒரே பெரிய இயந்திரத்துக்குள் குடிவைக்கும் திட்டத்துக்கு இன்று ஒருவழியாக ஒப்புதல் கிடைத்தது. பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தது நிதி மேலாளர் அம்மாவுக்கு ஏறவில்லை. "பத்துப் பேர் பத்து வீடு கட்டிட்டு ஆளுக்கு ஒரு அறையில மட்டும் படுத்துக்கறாங்க மேடம். அதுக்கு ஒரே வீட்டுல பத்துக் குடித்தனம் வெச்சா?" என்று கேட்டேன். உடனே கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். எப்போதும் நான்தான் செய்கிறேன். சாப்பிட்டாயா என்றார், சாப்பிட்டேன் என்றேன், அவ்வளவுதான். கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகிறது. முதல் வருஷம் போக, அவர் வேலை அந்த ஊரில், என் வேலை இந்த ஊரில். எங்களுடையது போன் குடித்தனம்.

மார்ச் 7, வெள்ளி

துறைத் தலைவர் கூப்பிட்டார். எல்லாச் சர்வரும் மாறிவிட்டால் நான் இயந்திரத்தைக் கட்டிக்கொண்டு இங்கேயே கிடக்க வேண்டியதில்லையாம். எங்கிருந்தும் பார்த்துக்கொள்ளலாம். "உங்க வீட்டுக்காரர் ஊர்ல நம்ம கிளை இருக்கே. அங்கயே போய் உக்காந்துக்கறீங்களா? மாசக் கடைசிக்குள்ள சொல்லுங்க."

மின்சாரம் மிச்சம், இடம் மிச்சம், புது சர்வருக்கு மாசக்கணக்கில் காத்திருக்காமல் பத்து நிமிஷத்தில் உருவாக்கலாம், ஒன்று கவிழ்ந்தால் நகலை எழுப்பிவிடலாம் — பயன்கள் என்று என்னென்னவோ எழுதினேனே, இதை எழுதத் தோன்றவில்லை. கழிவறையில் போய் அழுதேன். சந்தோஷம்தான்.

வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. 'வா' என்று அவர் வாயால் வரட்டும். நானாகக் கேட்டு, "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டால்? சோபா என்ன நிறம் வாங்கலாம் என்றாலும் அவருக்கு அதுதான் பதில்.

மார்ச் 10, திங்கள்

விற்பனைப் பிரிவு சர்வரை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு இயந்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தினோம். நட்டநடு மத்தியானம். பில் போட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒருவருக்கும் தெரியாது. முன்பு இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பலி கொடுப்போம். தலைவர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

அதற்கு இடம் மாறுவது எவ்வளவு சுலபம். நான் ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கிறேன்.

மார்ச் 12, புதன்

அலமாரியின் அடித்தட்டில் ஒரு பழைய சர்வர். பெயர் ஒட்டவில்லை, யார் பயன்படுத்துகிறார்கள் என்று எவருக்கும் தெரியவில்லை. நெட்வொர்க் பார்க்கும் ஓட்டைவாய் (எந்த ரகசியமும் அவரிடம் ஒரு மணி நேரம் தங்காது) சொன்னார்: "நிறுத்திடுவோம். யார் கத்தறாங்கன்னு பாப்போம். ஒரு வாரம் யாரும் கத்தலன்னா தூக்கிப் போட்டுடலாம்."

வெளியே சொல்லிக்கொள்ளும் முறையில்லை, ஆனால் எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். பொத்தானை நான்தான் அமுக்கினேன். விசிறி முனகி நின்றது.

சாயங்காலம் போனைக் கையில் எடுத்தேன். அவர் பெயர் வரை போனேன். அப்புறம் கவிழ்த்து வைத்துவிட்டேன். இங்கேயும் நிறுத்திப் பார்ப்போம்.

மார்ச் 13, வியாழன்

யாரும் கத்தவில்லை. இரண்டு இடத்திலும்.

மார்ச் 15, சனி

போன் அடித்தது. ஓடினேன், கால் கட்டிலில் இடித்தது. எரிவாயு உருளை நாளைக்கு வருமாம்.

போனதடவை வந்தபோது சட்டை ஒன்றை விட்டுப் போயிருக்கிறார். மேல் பட்டன் தொங்குகிறது. தைத்துவிட்டால் அனுப்பிவிட வேண்டும், அதனால் தைக்கவில்லை. கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறேன். கதவைச் சாத்தும்போதெல்லாம் யாரோ நிற்பதுபோல் இருக்கிறது.

மார்ச் 17, திங்கள்

என்ன மனுஷன் இவர்? அஞ்சு நாளா பொண்டாட்டி இருக்காளா போயிட்டாளான்னு கேக்கத் தோணலயா? நான் கூப்பிடலன்னா அவ்வளவுதானா நாங்க? — எனக்கு அவர் குரல் வேண்டும். வெறும் 'ம்' என்றாலும் போதும். வெட்கமாக இருக்கிறது, ஆனால் போதும்.

கூப்பிட மாட்டேன்.

மார்ச் 19, புதன்

கெடு முடிந்தது. பழைய சர்வரைக் கழற்றத் திருப்புளியோடு போனேன். நல்லவேளை, ஓட்டைவாய் கடைசியாக ஒருமுறை நெட்வொர்க் பதிவைத் திறந்து பார்த்தார். தினமும் காலையில் கிடங்கிலிருந்து யாரோ அந்தச் சர்வரைத் தட்டியிருக்கிறார்கள். ஒரே ஒரு தடவை. பதில் இல்லை என்றதும் போய்விட்டிருக்கிறார்கள்.

கீழே இறங்கி ஓடினேன். கிடங்கில் பெட்டி கட்டும் அக்கா அட்டைப்பெட்டிகளில் மார்க்கர் பேனாவால் முகவரி எழுதிக்கொண்டிருந்தார். விரலெல்லாம் கறுப்பு. லேபிள் அச்சடிக்கும் வேலையை அந்தச் சர்வர்தான் செய்துவந்திருக்கிறது. ஒரு வாரமாக எல்லாப் பெட்டிக்கும் கையாலேயே எழுதியிருக்கிறார்.

"ஏன்க்கா ஒரு வார்த்தை சொல்லல?"

"மேல என்னமோ பெரிய வேலை நடக்குதுன்னாங்க. நீயே தலைக்கு மேல வேலையோட இருப்ப, நானும் வந்து நிக்கணுமான்னு விட்டுட்டேன். காலைல வந்ததும் ஒரு தடவை அமுக்கிப் பாப்பேன். வந்துட்டா சரின்னு."

அவருடைய கறுப்பு விரல்களைப் பிடித்துக்கொண்டேன். பெட்டிக்கு இவ்வளவு வருத்தமா என்று அக்கா சிரித்தார்.

சர்வரை எழுப்பி, மத்தியானத்துக்குள் பெரிய இயந்திரத்தில் குடிவைத்தேன். பிறகு மாடிப்படியிலேயே உட்கார்ந்து போன் செய்தேன். மணி முழுதாக அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்.

"வேலை முடிஞ்சுதா?"

என்ன வேலை என்றேன். சர்வர் மாற்றுகிறோம் என்று நான் சொல்லியிருந்தேனாம். கூப்பிடவில்லை என்றதும் அதில் மாட்டிக்கொண்டிருப்பேன், தொந்தரவு செய்யக் கூடாது என்று இருந்தாராம். "நீ கடைசியா எப்ப ஆன்லைன்ல இருந்தேன்னு மட்டும் பாத்துட்டுப் படுப்பேன்."

"தினமுமா?"

"தினமும்தான்."

வாயைத் திறந்து சொன்னால் என்ன என்று ஒரு பிடி பிடித்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அதே வேகத்தில் கிளை விஷயத்தையும் சொல்லிவிட்டேன். 'உன் இஷ்டம்' வரப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"இங்க ஒரு நாற்காலிதான் இருக்கு," என்றார். "நாளைக்கு இன்னொண்ணு வாங்கிடறேன்."

மார்ச் 20, வியாழன்

தலைவரிடம் சரி என்று சொல்லிவிட்டேன். பட்டனைத் தைத்தேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

நான் ஊர் மாறியதே பழைய அலுவலகத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. சர்வர்கள் அங்கே ஓடுகின்றன, நான் இங்கே உட்கார்ந்து பார்க்கிறேன். கிடங்கு அக்காவுக்கு மட்டும் தெரியும். எது நின்றாலும் உடனே கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்ததால், இப்போது மின்விளக்கு எரியாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்.

இன்று கிளையில் வேலை இழுத்துவிட்டது. போன் பைக்குள் கிடந்தது, நேரம் போனதே தெரியவில்லை. எடுத்தபோது அவர்தான்.

"எங்க இருக்க? எத்தனை தடவை அடிக்கறது? மனுஷன் என்னன்னு நினைக்கறது?"

கத்தினார். பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினார்.

இன்னொரு தடவை கத்தட்டும் என்று போனைக் காதோடு வைத்துக்கொண்டு இருந்தேன்.