பொட்டு நகர்ந்த தூரம்

24-10-88

சக்கரத்து போல்ட்டுக்கு எண்ணெய் போடலாமா, கூடாதா? இருபத்து மூன்று வருடமாகக் கல்லூரியில் உராய்வுப் பாடம் நடத்துகிறேன். தெரியவில்லை என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது.

ஆயுத பூஜைக்கு இவர் காரைக் கழுவியதோடு நிற்கவில்லை. போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எண்ணெயில் தோய்த்து மாட்டி, ஒவ்வொன்றின் தலையிலும் சந்தனம், குங்குமம்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வர வேண்டும். இடுப்பில் ஆபரேஷன். பின் சீட்டில் படுத்தபடிதான் வருவாள். வழியில் சக்கரம் கழன்றால் அவளால் எழுந்திருக்கக்கூட முடியாது.

25-10-88

குரோம்பேட்டையில் மெக்கானிக் பொன்னுரங்கத்தைக் கேட்டேன். "சாரு ஏம்மா எண்ணெய் வுட்டாரு? வழுக்கிகினு கழண்டுக்கும்." சொல்லிவிட்டு ஒரு வேனுக்கு அடியில் போய்விட்டார்.

இவரோ, "எண்ணெய் இல்லேன்னா துருப் பிடிச்சு, பஞ்சர் ஆகிற அன்னிக்குக் கழற்றவே முடியாது. உன் பிசிக்ஸுக்கு அது தெரியுமா?" என்கிறார். இரண்டும் நியாயமாகப் படுகிறது. அதுதான் எரிச்சல்.

இவர் குளிக்கப் போனதும் ஒவ்வொரு போல்ட்டிலும் ஸ்பானரை மாட்டி அதன்மேல் ஏறி நின்றேன். பிறகு ஒவ்வொரு பொட்டுக்கும் நேராகச் சக்கரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு.

26-10-88

பொட்டுகள் எல்லாம் கோட்டிலேயே இருந்தன. இருந்தாலும் ஏறி நின்றேன். ஒன்று நகர்ந்தது — ஒரு நெல் அகலம். அப்படியானால் நேற்று சரியாக முடுக்கவில்லையா?

27-10-88

மறுபடியும் நகர்ந்தது.

28-10-88

இன்றும். முன் இடது சக்கரம், மேல் போல்ட். நேற்றைவிடச் சுலபமாக. எனக்கு ஐம்பது வயதாக இன்னும் எட்டு மாதம். புடவையைச் செருகிக்கொண்டு ஸ்பானர் மேல் குதிக்கிறேன். எதிர்வீட்டு லோகநாயகி, "என்ன டீச்சர், டான்ஸ் கிளாஸா?" என்றாள்.

29-10-88

எத்தனை முடுக்கினாலும் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறதே, எங்கேயிருந்து வருது அது? அக்காவுக்கு ஏதாவது ஆச்சுன்னா? இவரிடம் சொல்லலாம். சிரிப்பார். நாளைக் காலை கடைசியாக ஒரு தடவை.

30-10-88

காலை ஆறரைக்கு ஏறி நின்றேன். போல்ட் முறிந்தது. ஸ்பானரோடு கீழே விழுந்தேன். குங்குமப் பொட்டோடு தலை மட்டும் வாசல் கேட் வரை உருண்டது.

இவர் துண்டோடு ஓடி வந்தார். ஐந்து நாள் கதையையும் சொன்னேன். சிரிக்கவில்லை. பொன்னுரங்கத்தைக் கூட்டி வரக் கிளம்பிவிட்டார்.

பொன்னுரங்கம் பழைய போல்ட் ஒன்றைப் புதியதன் பக்கத்தில் வைத்துக் காட்டினார். "நீண்டுகீது பாரும்மா." பழைய போல்ட்டின் கழுத்து இளைத்திருந்தது. எண்ணெயில் உராய்வு குறைந்து, என் எடை அவ்வளவும் போல்ட்டையே இழுத்திருக்கிறது. அது கழன்றுகொண்டு வரவில்லை. தினமும் நான்தான் அதை அறுத்துக்கொண்டிருந்தேன். முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுப்பது!

நான் தொட்ட போல்ட்டுகளை எல்லாம் மாற்றி, மரையில் இருந்த எண்ணெயைத் துடைத்து, ஸ்பானரைக் கையாலேயே அழுத்தி முடுக்கினார். "ஏறி நிக்காதீங்க டீச்சர், அது இன்னா பஸ்ஸா?" போல்ட் தலையையும் சக்கரத்தையும் சேர்த்துப் புதிதாகச் சாக்பீஸ் கோடு போட்டுக்கொண்டேன்.

அக்காவை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது காட்டாங்குளத்தூர் தாண்டி இவர் வண்டியை ஓரம் கட்டினார். "ஒரு தடவை பார்த்துடறியா?" பின் சீட்டிலிருந்து அக்கா, "என்னத்தைப் பாக்கணும்? வீட்டுக்குப் போங்க முதல்ல," என்றாள்.

இறங்கினேன். புதுக் கோடுகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. ஸ்பானரை எடுக்கவில்லை.